வரிசையில் கரையும் நேரம் யார் கணக்கில்?

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை என்று பேச்செடுத்தால் இரண்டே பதில்கள்தான் வருகின்றன. "எல்லாம் கண்துடைப்பு" என்பார் ஒருவர். "உயிரைவிட உங்கள் அரை மணி நேரம் பெரிதா?" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே பேச்சை அங்கேயே முடித்துவிடுகின்றன. நெருடுவது வேறொன்று. கடந்த இருபது ஆண்டுகளில் எக்ஸ்ரே இயந்திரம் மாறிவிட்டது, உடலைச் சோதிக்கும் கருவி மாறிவிட்டது, தட்டுகள்கூடத் தானாக நகர்கின்றன. வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

ஷூ விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ஒருவன் தன் ஷூவுக்குள் ஒளித்திருந்த வெடிமருந்தைப் பற்றவைக்கப் பார்த்தான். அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்தது 2006 ஆகஸ்டில். அது நீங்கியது 2025 ஜூலையில். கிட்டத்தட்ட பத்தொன்பது ஆண்டுகள் கோடிக்கணக்கானவர்கள் குனிந்து நாடாவை அவிழ்த்தார்கள். இதற்கு நடுவில், 2011-இல் அதே அரசு ஒரு தனிப் பாதையைத் தொடங்கியது. 2013 இறுதியில், பின்னணி விவரங்களைக் கொடுத்து ஐந்தாண்டுக்கு 85 டாலர் கட்டினால் யாரும் விண்ணப்பிக்கலாம் என்றானது. அந்தப் பாதையில் ஷூவைக் கழற்ற வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம், லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கலாம். பின்னணியைச் சரிபார்க்கச் செலவாகிறது என்பது நியாயமான பதில்தான். ஆனாலும் ஆபத்து ஷூவில் இருந்ததா, ரசீதில் இருந்ததா என்று கேட்கத் தோன்றத்தான் செய்கிறது.

இதைச் சதி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. சதிக்கு யாராவது உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். இங்கே அவரவர் தத்தம் கணக்கைச் சரியாகவே பார்க்கிறார்கள். விடுபட்டுப்போனது ஒரே ஒரு செலவு, அதாவது வரிசையில் நிற்பவரின் நேரம்.

சோதனையே இல்லாத காலத்தின் கணக்கு

1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல் முயற்சிகள் நடந்தன. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று என்றுகூட வந்திருக்கின்றன. ஆனாலும் பயணிகளைச் சோதிக்க விமான நிறுவனங்கள் சம்மதிக்கவில்லை. கடத்தியவர் கேட்டதைக் கொடுத்து, கியூபாவின் ஹவானாவுக்கு ஓட்டிப் போய், விமானத்தைத் திருப்பிக் கொண்டுவருவது அவர்களுக்கு மலிவாக இருந்தது. எல்லா நிலையங்களிலும் கருவி வைத்து, ஆள் போட்டு, "என்னைத் திருடன் மாதிரி தடவிப் பார்க்கிறார்கள்" என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பதுதான் அவர்களுக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. 1971 நவம்பரில் டி. பி. கூப்பர் என்று பின்னாளில் அறியப்பட்டவர் 2 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு பாராசூட்டில் குதித்து மறைந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை.

மாற்றியது 1972 நவம்பர். சதர்ன் ஏர்வேஸின் 49-ஆம் எண் விமானத்தைக் கடத்திய மூவர், டென்னசியின் ஓக் ரிட்ஜ் அணு உலையின்மேல் விமானத்தை மோதுவோம் என்று மிரட்டினார்கள். அதுவரை ஒரு கடத்தலின் அதிகபட்சச் செலவு பணயத்தொகையும் ஒரு விமானமும்தான் என்று நினைத்திருந்தார்கள். அந்த மேல்வரம்பு ஒரே நாளில் காணாமல் போனது. 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளும் எல்லாக் கைப்பைகளும் சோதனைக்குட்பட்டன. கடத்தல்கள் சரசரவென்று குறைந்தன. "எல்லாம் கண்துடைப்பு" என்பவர்கள் இந்த ஒரு அத்தியாயத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மெட்டல் டிடெக்டரும் எக்ஸ்ரேயும் என்ற அந்த எளிய ஜோடி தன் கூலிக்கு மேலேயே உழைத்தது.

பிரச்சினை அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஏறிய சுமையில் இருக்கிறது. ஒரு விதியைச் சேர்ப்பவருக்குச் செலவே இல்லை. அதை நீக்குபவர், நாளை ஏதாவது நடந்துவிட்டால் பழியைத் தனியாகச் சுமக்க வேண்டும். வரிசை ஐந்து நிமிடம் குறைந்ததற்காக எந்த அதிகாரிக்கும் பதவி உயர்வு கிடைத்ததில்லை. அதனால் விதிகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

திரைக்கு முன்னால் இருப்பவரின் கண்

பழைய வகை எக்ஸ்ரே இயந்திரம் பையை இரண்டு ஆற்றல் அளவுகளில் ஊடுருவிப் பார்த்து, பொருளின் அணு எண்ணை உத்தேசமாகக் கணித்து நிறம் பூசுகிறது. உயிர்மப் பொருள்கள் ஆரஞ்சு, எஃகு போன்ற உலோகங்கள் நீலம், அலுமினியம் போன்ற நடுத்தரங்களும் கலவைகளும் பச்சை, கதிர் ஊடுருவ முடியாதவை கறுப்பு. சிக்கல் ஆரஞ்சில்தான். வெடிமருந்தும் ஆரஞ்சு, சாக்லேட்டும் ஆரஞ்சு, சோப்பும் ஆரஞ்சு, தடித்த புத்தகமும் ஆரஞ்சு. லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்வதும் இதனால்தான். அதில் சந்தேகம் இருப்பதால் அல்ல, அது மற்றவற்றை மறைப்பதால். பேட்டரியும் சர்க்யூட் போர்டும் சேர்ந்து ஒரு தடித்த கட்டியாக விழுந்தால், தட்டையான படத்தில் அதன் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது.

இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு ஒரு பைக்குச் சில நொடிகள்தான். அவர் தேடும் பொருள் கிட்டத்தட்ட ஒருபோதும் வருவதில்லை, அதுதான் அவருடைய மிகப் பெரிய எதிரி. 2005-இல் நேச்சர் இதழில் ஜெரமி வுல்ஃபும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது பார்ப்பவர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். கண் பழுதாகவில்லை. "இல்லை" என்று சொல்லியே பழகிய மூளை, "இல்லை" என்பதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறது. இதற்காகத்தான் இயந்திரமே அவ்வப்போது உண்மையான பையின் படத்துக்குள் ஒரு பொய்த் துப்பாக்கியைச் செருகிக் காட்டுகிறது. ஊழியர் பொத்தானை அழுத்தினால் "இது பயிற்சிப் படம்" என்று அறிவிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பொதுவாகத் திரை பார்க்கக் கூடாது, அதன் பிறகு குறைந்தது 10 நிமிடம் வேறு வேலை. இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், 2015-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ரகசியச் சோதனைக் குழுவினர் 70 முறை முயன்றதில் 67 முறை தடைசெய்யப்பட்ட பொருளோடு உள்ளே போய்விட்டார்கள் என்ற செய்தி வெளியானது. விமான நிலையச் சோதனைகளை நடத்தும் முகமையின் பொறுப்புத் தலைவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டார்.

ஒதுங்கும் தட்டு

வரிசை ஏன் நகரவில்லை என்று பார்ப்பவர்கள் எக்ஸ்ரேவையே முறைப்பார்கள். அது பெரும்பாலும் வேகமாகவே ஓடுகிறது. உண்மையான அடைப்பு அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னால், தட்டை எடுத்த பிறகுதான் பெல்ட்டைத் தேடத் தொடங்கும் ஒருவர். பின்னால், ரோலரின் மேல் திறந்த பையை வைத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டும் இன்னொருவர். அதைவிட மோசம் நடுவில் நடப்பது. திரையில் சந்தேகம் எழுந்த தட்டு, தட்டுகளை நகர்த்தும் பெல்ட்டின் வலதோ இடதோ ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமாகத் தள்ளப்படுகிறது. உரியவர் எட்டி நின்று பார்க்கலாம், தொட முடியாது. அதைத் திறந்து பார்க்க ஓர் ஊழியர் வர வேண்டும்.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு பாதையில் மணிக்கு 150 பேர் என்று வைத்துக்கொள்வோம், ஆளுக்கு இரண்டு தட்டு, ஆக 300 தட்டு. பத்தில் ஒன்று ஒதுங்கினால் 30. ஒவ்வொன்றையும் திறந்து, பொருளைக் கண்டுபிடித்து, துணித் துண்டால் தேய்த்து, வெடிமருந்துத் தடயம் தேடும் கருவியில் வைத்து, மறுபடி எக்ஸ்ரேக்கு அனுப்ப மூன்று நிமிடம். மொத்தம் 90 நிமிட வேலை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். ஒரே ஊழியர் இருந்தால் முடியவே முடியாது. ஒதுங்கிய தட்டுகள் நிற்கும் ரோலரில் நான்கைந்துதான் கொள்ளும். ஆறாவது வந்ததும் பெல்ட் நிற்கிறது. யாரோ பைக்குள் மறந்துவைத்த ஒரு தண்ணீர் பாட்டிலால் பின்னால் நிற்கும் நூறு பேரும் நிற்கிறார்கள். இயந்திரத்தை இரட்டிப்பு வேகத்துக்கு மாற்றினாலும் பயனில்லை, திறந்து பார்க்க இன்னொரு ஆளை நிறுத்தினால்தான் வரிசை நகரும். ஆனால் இயந்திரம் வாங்குவது மூலதனச் செலவு, ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம். ஆள் போடுவது மாதச் சம்பளம். எது முதலில் வெட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

பாதைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். அதே வேகத்தில் நான்கு பாதைகள் என்றால் மணிக்கு 600 பேர். காலையில் 180 பேர் கொண்ட மூன்று விமானங்களின் பயணிகள் ஒரே மணி நேரத்தில் வந்தால் 540. தாளில் பார்த்தால் தாராளம். ஒருவர் விடுப்பு எடுத்து ஒரு பாதை மூடினால் 450. மணிக்கு 90 பேர் தேங்குவார்கள். அந்த மணியின் கடைசியில் வருபவர் குறைந்தது 12 நிமிடம் நிற்பார். அதே கூட்டம் இரண்டாவது மணி நேரமும் வந்தால் 24. இது ஆட்கள் சீராக வந்தால். அவர்கள் கொத்துக் கொத்தாகத்தானே வருகிறார்கள்? ஒரே மேசை, தற்செயலான வருகை என்ற எளிய வரிசைக் கணிதத்தில், மேசை 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 சதவீதமானால் 9 பேர், 95 ஆனால் 19. சம்பளத்தில் கடைசி ஐந்து சதவீதத்தைக் கறந்தெடுக்கும் மேலாளர் வரிசையை இரட்டிப்பாக்குகிறார். அந்த இரட்டிப்பு அவருடைய எந்த அறிக்கையிலும் செலவாகப் பதிவாவதில்லை.

யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்

அமெரிக்காவில் ஒரு வழிப் பயணத்துக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம் டிக்கெட்டோடு வசூலாகிறது. இது 2014-இல் வந்த விகிதம். அதில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கே தராமல் அரசின் பற்றாக்குறையைக் குறைக்க எடுத்துக்கொள்ளலாம் என்று 2013-இன் பட்ஜெட் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஐரோப்பாவின் பல இடங்களில் நிலையமே ஒப்பந்த நிறுவனத்தை அமர்த்துகிறது. யார் அமர்த்தினாலும், செலவாகத் தெரிவது ஊழியரின் மணிநேரம் மட்டுமே. நூறு கோடிப் பயணங்களில் ஆளுக்குப் பத்து நிமிடம் கூடினால் அது சுமார் 19,000 ஆண்டுகள். அதற்கு எந்த நிறுவனமும் பில் வாங்குவதில்லை.

இதைவிட எனக்கு உறைத்தது வேறொரு சுழற்சி. சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம்தான் என்றாலும், எப்போதாவது 50 நிமிடம் ஆகிறதென்றால் எல்லோரும் 50-க்குத் தயாராகத்தான் கிளம்புவார்கள். விமானத்தைத் தவறவிட்டவருக்குச் சராசரியைச் சொல்லி என்ன பயன்? அன்று வரிசை சட்டென நகர்ந்துவிட்டால் மிச்சமான 38 நிமிடம் எங்கே போகிறது? சோதனையைத் தாண்டிய பக்கத்துக் கடைகளில். விமான நிலையங்களின் வருமானத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் கடை, வாடகை, பார்க்கிங் போன்ற பறத்தலுக்கு அப்பாற்பட்ட இனங்களிலிருந்து வருகிறது. வரிசையில் நிற்பவர் எதுவும் வாங்க மாட்டார் என்பதால் நீண்ட வரிசை நிலையத்துக்கும் நஷ்டம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கணிக்க முடியாத வரிசை அப்படியல்ல. பயந்துபோய் முன்கூட்டி வருபவர்தான் நல்ல வாடிக்கையாளர்.

விமான நிறுவனமும் ஒரு சுமையை இந்தப் பெல்ட்டின் மேல் இறக்கிவைத்தது. 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பைக்கே 15 டாலர் வாங்கத் தொடங்க, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பயணிகள் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் கைப்பையில் திணித்தார்கள். கட்டணம் விமான நிறுவனத்துக்கு, திணித்த பையைத் திறந்து பார்க்கும் வேலை சோதனை ஊழியருக்கு, காத்திருப்பு பின்னால் நிற்பவருக்கு. பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பையில் வைக்கக் கூடாது என்ற விதி இதற்கு மேல். அது தீப்பிடித்தால் கேபினில் அணைக்கலாம் என்பதற்கான நல்ல விதி. ஆனால் எக்ஸ்ரேயில் மிகக் கருப்பாகத் தெரியும் பொருள்களில் ஒன்று அதனால் கட்டாயமாகக் கைப்பைக்கு வந்து சேர்ந்தது.

பிறகு விரைவுப் பாதை. வரிசையைத் தாண்டிப் போக விலை வைத்த நிமிடத்திலிருந்து, வரிசையே சரக்காகிவிடுகிறது. பொதுப் பாதை ஐந்து நிமிடத்தில் முடிந்தால் விரைவுப் பாதையை யார் வாங்குவார்கள்? யாரும் வேண்டுமென்றே பாதையை மூடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிசெய்ய வேண்டிய அவசரம் குறைகிறது. சத்தமாகப் புகார் செய்யக்கூடிய, அடிக்கடி பறக்கிற, அதிகாரிகளைத் தெரிந்த பயணிகள் முதலில் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். மிஞ்சிய வரிசையில் ஆண்டுக்கொருமுறை பறக்கும் குடும்பங்கள் நிற்கின்றன.

100 மில்லி

திரவ விதி இதன் சுத்தமான உதாரணம். 2006 ஆகஸ்டில், ஹைட்ரஜன் பெராக்சைடு சார்ந்த திரவத்தைக் குளிர்பான பாட்டில்களில் நிரப்பி அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்டது. சதி நிஜம், தண்டனையும் நிஜம். முதலில் முழுத் தடை, பிறகு சில வாரங்களில் 100 மில்லி பாட்டில்கள், ஒரு லிட்டர் ஒளிபுகும் பை. தற்காலிகம் என்று வந்தது இருபதாண்டை நெருங்கிவிட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்ததும், அமெரிக்காவில் கைசுத்திகரிப்பான் மட்டும் 355 மில்லி வரை கொண்டுபோகலாம் என்று அறிவித்தார்கள். அதுவரை ஆபத்தாக இருந்த அளவு ஒரே அறிவிப்பில் ஆபத்தில்லாததாகிவிட்டது.

தீர்வாக வந்த இயந்திரம் மருத்துவமனையில் இருக்கும் சிடி ஸ்கேனின் உறவுக்காரன். கதிர்மூலம் பையைச் சுற்றிச் சுழன்று வெட்டுப் படங்களை அடுக்கி, ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் கணிக்கிறது. ஊழியர் படத்தை விரலால் திருப்பிப் பார்க்கலாம். லேப்டாப்பும் திரவமும் பைக்குள்ளேயே இருக்கலாம். ஆனால் இது பழைய இயந்திரத்தைவிடப் பல மடங்கு கனம், தரையையே வலுப்படுத்த வேண்டிய இடங்கள் உண்டு. பிரிட்டன் வைத்த 2024 ஜூன் கெடுவைப் பெரிய நிலையங்கள் தவறவிட்டன. 2024 செப்டம்பர் 1 முதல், சில வகை சிடி இயந்திரங்களுக்குக்கூட 100 மில்லி வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, இயந்திரத்துக்குச் செலவழித்த நிலையங்களிலும் பயணிகள் பழையபடி பாட்டிலை எடுத்துக் காட்டினார்கள். நிலையத்துக்கு நிலையம் விதி மாறுவதால் நடக்கும் குழப்பமே தனியாக ஒரு தாமதம். போகும்போது பைக்குள் இருக்கலாம் என்றவர், திரும்பும்போது அதே நம்பிக்கையில் நிற்பார்.

கதவும் சாலையும்

2001-க்குப் பிறகு செய்யப்பட்டவற்றில் உருப்படியானது என்று நிபுணர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வது, வலுப்படுத்திய விமானி அறைக் கதவு. அமெரிக்காவில் 2003 ஏப்ரலுக்குள் எல்லாப் பயணிகள் விமானங்களிலும் பொருத்த வேண்டியிருந்தது. ஒருமுறை செலவு, பயணிக்கு ஒரு நொடி தாமதமில்லை. குறையில்லாததும் இல்லை. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி உள்ளிருந்து பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதியபோது அதே கதவு 150 உயிர்களைக் காப்பாற்ற வழியில்லாமல் செய்தது.

வரிசைக்கும் உயிர்க்கணக்கு உண்டு. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, செக்-இன் பைகளைச் சோதிக்கத் தொடங்கியதால் அமெரிக்காவில் விமானப் பயணிகள் சுமார் 6 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. குறுகிய தூரத்துக்கு அவர்கள் காரை எடுத்தார்கள். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் சாலைதான் ஆபத்து. 2016 மார்ச்சில் பிரஸ்ஸெல்ஸ் விமான நிலையத்திலும் ஜூனில் இஸ்தான்புல் விமான நிலையத்திலும் குண்டுத் தாக்குதல் சோதனையைத் தாண்டிய பகுதியில் நடக்கவில்லை. அதற்கு முன்னால், கூட்டம் சேரும் இடங்களில் நடந்தது. சோதனைக்காகச் சேரும் கூட்டமே இலக்காகும்போது, வரிசையைக் குறைப்பதும் பாதுகாப்பு வேலைதான்.

அதுவரை பயணி கையில் இருப்பது கொஞ்சம்தான். சாவி, சில்லறை, பெல்ட், கடிகாரம் எல்லாவற்றையும் வரிசையில் நிற்கும்போதே கைப்பையின் ஒரு பாக்கெட்டுக்குள் போட்டுவிடலாம், தட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சார்ஜர் வயர்களைச் சுருட்டித் தனிப் பையில் வைக்க வேண்டும். பவர் பேங்க்கை லேப்டாப்பின் மேலோ கீழோ அடுக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் திரையில் ஒரே கறுப்புப் பாளம். உடலைச் சோதிக்கும் மில்லிமீட்டர் அலை ஸ்கேனரில் பாக்கெட்டில் உலோகம் இல்லாவிட்டாலும் போதாது, மடித்த கைக்குட்டையும் டிக்கெட் தாளும்கூடப் பெட்டியிட்டுக் காட்டப்படும். வியர்வையில் நனைந்த முதுகும் அப்படியே. கிளிசரின் கலந்த கைக்கிரீமை வரிசையில் நின்றுகொண்டு பூசிக்கொண்டால், துணித் துண்டுச் சோதனையில் சில சமயம் மணி அடிக்கும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு வெளியே வந்தால், பொருள்களை மறுபடி எடுத்துவைக்க இரண்டு பேர் உட்காரும் ஒரு பலகை இருக்கிறது. நாற்பது பேர் ஒற்றைக்காலில் நின்று ஷூவை மாட்டுகிறார்கள். பலகைக்கு மூன்றடி தள்ளி கடையின் விளக்குகள் தொடங்குகின்றன, முதல் அடுக்கில் தண்ணீர் பாட்டில்.